கணினியின் குரல் போன காலை

போன வருஷம் ஜூலை மாதம், மும்பையில் மழை விடாமல் பிடித்திருந்த ஒரு வாரம். தாராவியில் எங்கள் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பார்வை கிடையாது. பத்தொன்பது வயதுவரை இருந்தது, பிறகு கண் நரம்பில் வந்த ஒரு நோயில் போய்விட்டது. இப்போது வயது நாற்பத்தெட்டு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் பதில் சொல்லும் வேலை. போன் செய்கிறவர்களின் பாலிசி விவரங்களைக் கணினியில் பார்த்துச் சொல்வேன். ‘பார்த்து’ என்றால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் இருக்கிறது, அதைக் கேட்டு. ஒரு காதில் வாடிக்கையாளர், இன்னொரு காதில் அந்தக் குரல். இப்படியே பதினொரு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

கடைசி ஐந்து வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. அதற்கு முன் இரண்டு ரயில் மாறி அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். கூட்டத்தில் இரண்டு தடவை படிக்கட்டில் விழுந்திருக்கிறேன். இரண்டாவது தடவை மணிக்கட்டு முறிந்தது. அதனால் வீட்டிலிருந்து வேலை என்பது எனக்குச் சொகுசு இல்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த மேலாளருக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. மூன்று மாதத்துக்குள் மூன்று நாள் ‘கணினிக் கோளாறு’ என்று வேலைக்கு வராமல் போனால் அலுவலகத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு விதி போட்டிருந்தார். எனக்கு ஏற்கெனவே இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு நாள் கரண்ட் போனது, இன்னொரு நாள் மழையில் இன்டர்நெட் கேபிள் அறுந்தது. மதியம் பன்னிரண்டுக்குள் கணினியில் வேலையைத் தொடங்கிவிட்டால் அரை நாள் விடுப்போடு போகும். தாண்டினால் மூன்றாவது நாள்.

இந்த நேரம் பார்த்து நிறுவனத்திலிருந்து ஓர் உத்தரவு: எல்லோரும் கணினியில் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறிவிட வேண்டும். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அதற்கான பட்டனைத் தட்டிவிட்டேன். ‘இரண்டு மணி நேரம் ஆகும், அணைக்க வேண்டாம்’ என்று என் கணினியின் குரல் வாசித்தது. அதுதான் அது கடைசியாகச் சொன்னது.

காலையில் என் மனைவி வேலைக்குப் போன பிறகு கணினியைத் திறந்தேன். அவள் நவி மும்பைப் பக்கம் நெருளில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். விடியும்போதே கிளம்பிவிடுவாள், வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. கணினியின் மின்விசிறி உள்ளே சுற்றும் சத்தம் கேட்டது. கடவுச்சொல்லை அடித்தேன். ஒன்றுமில்லை. சத்தம் கூட்டும் பட்டனைப் பத்துப் பதினைந்து தடவை தட்டினேன். இயர்போனைக் கழற்றி மாட்டினேன். பழைய இயர்போன் ஒன்று பீரோவில் கிடந்தது, அதையும் மாட்டிப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். மூச்சுப் பேச்சு இல்லை.

பார்வை உள்ளவர்களுக்குக் கணினியில் சத்தம் போனால் பாட்டுக் கேட்க முடியாது, அவ்வளவுதான். எனக்கு அது திறந்து வைத்த ஒரு வெறும் பலகை. திரையில் ஏதாவது கேட்கிறதா, திட்டுகிறதா, தப்பான இடத்தில் நிற்கிறேனா, எதுவும் தெரியாது.

போனில் ஒரு செயலி உண்டு. கேமராவைக் காட்டினால் எழுத்தை வாசிக்கும். அதைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். அது இரண்டு ஆங்கில வார்த்தையை வாசித்துவிட்டு, பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்த மளிகைக் கடை விளம்பரத்தை முழுதாக வாசித்தது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மளிகைக் கடை.

ஒன்பது மணிக்கு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவுக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் காத்திருந்த பின் ஒருவர் எடுத்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். “சர், ஸ்கிரீன் பே க்யா திக் ரஹா ஹை?” என்றார், திரையில் என்ன தெரிகிறது என்று. எனக்குக் கண் தெரியாது என்றேன். ஸாரி சொன்னார். அடுத்த நிமிஷமே, கீழே வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புக் குறி இருக்கிறதா பாருங்கள் என்றார். மறுபடி சொன்னேன். சரி, நான் இங்கிருந்தே உங்கள் கணினிக்குள் வருகிறேன், திரையில் ஒரு எண் வரும், அதை மட்டும் வாசியுங்கள் என்றார். அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் வரிசையாக எழுதியிருக்கும் போல. தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலில் நானும் குரலை உயர்த்தினேன். கடைசியில், பொறியாளர் ஒருவர் இரண்டு நாளில் நேரில் வருவார் என்று ஒரு புகார் எண் கொடுத்து வைத்துவிட்டார்.

இரண்டு நாள்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை. ஒவ்வொரு புது ஆளிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

“நாலு தடவ சொல்லிட்டீங்களே அண்ணாச்சி, கண்ணு தெரியாதுன்னு. எதுத்த வீட்டுல இருக்க எனக்கே கேக்குது. அந்தாளுக்குக் கேக்கலியா?”

எதிர்வீட்டு அம்மா. திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் சந்தின் முனையில் உள்ள ரெடிமேட் சட்டைப் பட்டறையில் காலருக்குப் பின்னால் லேபிள் தைக்கிறவர். பல வருஷமாக எதிரெதிரே இருக்கிறோம். என் மனைவியோடுதான் பேசுவார், என்னோடு அவ்வளவாகப் பேச்சு கிடையாது. பட்டறையில் அன்று துணி வரத் தாமதம், மதியம்தான் வேலை என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு இங்கிலீஷ் வராது அண்ணாச்சி. அஞ்சாப்பு. ஆனா எழுத்து தெரியும், லேபிள்ல தைக்கோம்லா. ஒவ்வொண்ணா சொன்னா ஆவுமா?”

ஆகும் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பார்வையற்ற நண்பர்கள் நாங்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் காலையிலேயே என் கஷ்டத்தைச் சொல்லிவிட்டிருந்தேன். ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். புது சிஸ்டம் ஏறும்போது, ஒலிக்கருவியை இயக்குகிற டிரைவர் என்ற சின்ன நிரலையும் அது மாற்றிவிடும். சில கணினிக்குப் புது டிரைவர் ஒத்துக்கொள்ளாது. பழைய டிரைவருக்கே திருப்ப ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தி அணைத்துப் போட்டால் சரியாகும் என்று. எந்தக் கட்டளையை அடித்தால் அந்தப் பட்டியல் திறக்கும் என்பது எனக்குப் பாடம். திறந்த பிறகு எங்கே நிற்கிறேன் என்று சொல்லத்தான் ஒரு ஆள் வேண்டும்.

ஆரம்பித்தோம். பெரிய எழுத்து என்றால் அவருக்குத் தடங்கல் இல்லை. சின்ன எழுத்தில்தான் வம்பு. “இது ஒத்தக் கோடா நிக்குது,” என்பார். “இது வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது.” எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு என்று நான் கேட்பேன். “சோத்தாங்கைப் பக்கம்.” அப்படியென்றால் ‘பி’. கண் இருந்த காலத்தில் நான் படித்த எழுத்துகளை முப்பது வருஷம் கழித்து ஒவ்வொன்றாக மனசில் வரைந்து பார்த்தேன். ‘சவுண்ட்’ என்ற வார்த்தையைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று காலையில் அதுதான் முதல் சிரிப்பு.

அதன் கீழே ஒலிக்கருவியின் பெயர். அதற்குள் போனால் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டன்கள். ‘ரோல் பேக்’ என்று இருக்கும், முதல் எழுத்து ஆர், முதல் வார்த்தையின் கடைசியில் இரண்டு ஒற்றைக் கோடு சேர்ந்து நிற்கும், அது மேலிருந்து எத்தனாவது என்று கேட்டேன். அவர் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில் குனிந்தார், பிறகு பின்னால் போனார். அவர் மூச்சு கிட்டே வந்து தூரப் போனதிலிருந்து எனக்குத் தெரிந்தது. “நாலாவது,” என்றார்.

நாலாவதில் போய் அழுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதும் நடக்கவில்லையோ என்று இன்னொரு முறை அழுத்தினேன். கணினியை அணைத்துப் போட்டேன். அது மெதுவாக, எதையெதையோ ஏற்றிக்கொண்டு, பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் எழுந்தது. குரல் இல்லை.

மறுபடி அந்தப் பட்டியலையும் பட்டன் பெட்டியையும் திறந்தோம். ஒலிக்கருவியின் பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு புதிதாக நிற்கிறது என்றார் அவர். கருவியையே முடக்கி வைத்தால்தான் அந்த அம்பு வரும். நாங்கள் அழுத்தியது பழையதற்குத் திருப்பும் பட்டன் இல்லை, அதற்கு அடுத்தது.

“நான் மொதல்ல அழுத்தினப்ப ஏதாவது பொட்டி வந்து கேட்டுச்சா?” என்றேன்.

“ஆமா, ஒரு பொட்டி வந்து நின்னுச்சு. நீங்கதான் அழுத்திட்டீங்களே.”

போனைத் தொட்டேன். மணி பத்து நாற்பத்தெட்டு என்று அது சொன்னது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் வெளியே வந்துவிட்டது.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானம்மா! எண்ணக்கூடவா வராது? கண்ணு இருந்தும் இப்படியா?”

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். வளையல் சத்தம் கேட்டது, எழுந்திருக்கிறார். வாசலில் செருப்பை மாட்டினார். செருப்புச் சத்தம் தண்ணீரை மிதித்துக்கொண்டு சந்து முனைப் பக்கம் போனது. தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

நான் அந்த ஊமைக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடலாம், மூன்றாவது நாள் ஆகிவிட்டது, அலுவலகத்துக்கே வருகிறேன் என்று. மறுபடி அந்த ரயில், அந்தப் படிக்கட்டு. அதைவிட, உதவ வந்த ஒரு மனுஷியை இப்படி விரட்டிவிட்டோமே என்பதுதான் நெஞ்சில் கனத்தது. சாயங்காலம் மனைவி வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். போனை எடுத்துச் செய்தியைப் பேசிப் பதிவு செய்தேன். ஆனால் அனுப்பவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். தண்ணீரை மிதித்துக்கொண்டு அதே செருப்புச் சத்தம் திரும்ப வந்தது.

“தொறந்தே வச்சிருக்கீங்கள்லா? இப்ப சொல்லுங்க, பாப்போம்.” பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மழையில் நனைந்த சேலையின் வாடை.

“எம்மா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது,” என்று ஆரம்பித்தேன்.

“அது கிடக்கட்டும். இப்ப மூணாவதா இருக்கு நீங்க சொன்ன ஆர். மேல தலைப்புல ஒரு வரி இருக்கு, அதையும் சேத்து எண்ணிட்டேன் போலருக்கு. எல்லாம் கலங்கலா ஒண்ணு போலத் தெரிஞ்சுச்சு. இப்ப வெளக்கமாத் தெரியுது. பட்டற மாஸ்டர் கண்ணாடி.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. “கண்ணாடியா?”

“பொடி எழுத்து ஒரு வருசமா மங்கலாத்தான் தெரியுது எனக்கு. அதான் ஓடிப்போயி மாஸ்டர்கிட்ட வாங்கிட்டு வந்தேன். வெட்டுற வேலை ஆரம்பிக்கதுக்குள்ள குடுத்துரணும்.”

“இதை மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

வளையல் குலுங்கியது, அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார்.

“நீங்க கண்ணே இல்லாம இம்புட்டு வேலை பாக்கீங்க. உங்ககிட்ட வந்து, எனக்குக் கண்ணு சரியில்லன்னு எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?”

காலையிலிருந்து என் கண் தெரியாததை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து திணறிக்கொண்டிருந்தவருக்கு எழுத்து தெரிகிறதா என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. கண் இருக்கிறது, அதனால் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன்.

பேச நேரமில்லை. முடக்கிய கருவியை முதலில் உயிர்ப்பித்தோம். இந்த முறை ஒவ்வொரு பெட்டி வந்தபோதும் அவரே சொன்னார். நானும் கேட்டுக் கேட்டு அழுத்தினேன். ஏன் பழையதற்குப் போகிறாய் என்று ஒரு பெட்டி காரணம் கேட்டது. ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கணினியை அணைத்துப் போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தோம்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு, திடீரென்று, என் கணினியின் குரல் பேசியது. ஆங்கிலத்தில், மூச்சுவிடாமல், திரையில் இருந்த அத்தனையையும் ஒப்பித்தது. வருஷக்கணக்கில் கேட்டுப் பழகியதால் நான் அதை மிக வேகமாக வைத்திருப்பேன். எதிர்வீட்டம்மா துள்ளிவிட்டார்.

“யா அல்லா! யாரிது? இம்புட்டு வேகமாப் பேசுதாளே, இது உங்களுக்கு வெளங்குதா?”

விளங்குகிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன். பத்து நிமிஷத்தில் வேலைக்குள் நுழைந்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். மேலாளரிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது: அரை நாள் விடுப்பாகக் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். இரவு ஏழு மணிவரை அழைப்புகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன்.

அந்தக் கண்ணாடிக்கு அவர் என்ன கொடுத்தார் என்பது இரண்டு நாள் கழித்து என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. லேபிள் நேராக விழ வேண்டும், இல்லாவிட்டால் சட்டை திரும்பி வந்துவிடும். கண் மங்குகிறது என்று தெரிந்தால் தையல் மிஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு வருஷமாக யாருக்கும் தெரியாமல் கைப்பழக்கத்திலேயே தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குக் கண்ணாடி கேட்டுப் போய் நின்றதில் அது வெளியே வந்துவிட்டது. மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனாலும் மறுநாளே அவரை மிஷினிலிருந்து எடுத்து, தைத்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிற, கூலி குறைந்த வேலையில் போட்டுவிட்டார்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “என்னிக்கா இருந்தாலும் தெரியத்தானே போவுது அண்ணாச்சி. ஒளிச்சு ஒளிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு,” என்றார். அந்த அலுப்பு எனக்குத் தெரிந்த அலுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாட்டுங்காவில் ஓர் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. என் மனைவிக்கு அன்று வீட்டில் வேலை இருந்ததால் நானே அவரோடு போனேன். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த பெண் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, “மேலே உள்ள எழுத்தைப் படியுங்கள்” என்றார். எதிர்வீட்டம்மா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பியிருப்பார்கள். அடுத்த வாரம் அவருக்குக் கண்ணாடி வந்தது. ஆனால் மிஷின் உடனே வரவில்லை. தீபாவளி வேலை குவிந்தபோதுதான் திரும்பக் கொடுத்தார்கள். அதுவரை மூன்று மாதம் அவர் நூல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

என் வேலை இன்னும் வீட்டிலிருந்துதான். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. மேலாளர் வேறு ஏதோ புது விதி யோசித்துக்கொண்டிருக்கிறாராம். தினமும் நூறு பேர் போன் செய்கிறார்கள். பாலிசி எண்ணைக் கேட்டால் சிலர் தடுமாறுவார்கள், ஒன்றைச் சொல்லிவிட்டு இல்லை இல்லை என்று வேறொன்றைச் சொல்வார்கள். முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், குரலிலும் அது தெரிந்துவிடும். இப்போது, “எழுத்து சரியாத் தெரியுதா? மெதுவா வாசிங்க, நான் இருக்கேன்” என்று சொல்கிறேன். எதிர்முனையில் ஒருவர் நிம்மதியாக மூச்சுவிடுவது கேட்கும்போதெல்லாம், மழையில் கண்ணாடி கேட்டு ஓடிய அந்த அம்மாவிடம் அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி இதுதான் என்பது நினைவுக்கு வருகிறது.